கல்லாறு வரை நாற்பத்தைந்து கிலோமீட்டர், கருகின வாடையோடு

கால் இல்லை மகாராஜா, கால் இல்லை! குடும்ப குரூப்பில் நீ போட்டதைத் திரும்ப எடுத்துவிடு. "அத்தான் காலு பிரேக்கு மேலயே கெடக்கு, எடுக்க மறந்துருதாங்க. வயசாயிட்டு, சாவிய வாங்கி வைங்க" என்று எழுதினாயே, அதற்குக் கட்டைவிரல் தூக்கிக் காட்டிய பதினொரு பேரையும் குறித்து வைத்திருக்கிறேன். உனக்குத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். அது பயணக் கட்டுரையாகிவிட்டது. பொன்முடி மலைக்குப் போக நினைக்கிறவர்களும் படிக்கட்டும்.

படிப்பவர்களுக்கு: மகாராஜன் என் மனைவி பகவதியின் தம்பி. பாளையங்கோட்டையில் இருக்கிறான். பெயர்தான் மகாராஜன், போவது டவுன் பஸ்ஸில். போன மாதம் இங்கே வந்தவனைக் காரில் ஆற்றிங்கல் கூட்டிப் போனேன். திரும்பும்போது கருகின வாடை வந்தது. அவ்வளவுதான், எனக்கு எழுபத்தொரு வயது என்பதைக் கண்டுபிடித்துவிட்டான். தம்பி பேச்சைக் கேட்டு பகவதி தீர்ப்புச் சொன்னாள்: "பொன்முடிக்கு ஒரு தடவ போயிட்டு வருவோம். மறுபடி வாடை வந்து, அது ஒங்க காலாலதான்னு ஆச்சுன்னா சாவி எங்கிட்ட." சாவி போனால் நான் ஆரியசாலை வீட்டில் வாசலைப் பார்த்து உட்கார வேண்டியதுதான். ஆகவே இது சுற்றுலா இல்லை, பரீட்சை. ஏழாம் வகுப்பில் எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் பரீட்சை. அதில் என்ன ஆனது என்று கேட்காதீர்கள்.

மழை ஓய்ந்த ஒரு புதன்கிழமை, காலை 6.10க்கு வீட்டிலிருந்து கிளம்பினோம். வண்டிக்கு இருபத்தைந்து வயது. என்னை விட ஒழுக்கம். பழவங்காடியில் நிறுத்தி, பிள்ளையாருக்குத் தேங்காய் ஒன்று, 35 ரூபாய். பகவதி மூன்று வாங்கச் சொன்னாள். நாற்பது வருஷம் ஆரியசாலையில் தேங்காய் எண்ணெய் மொத்த வியாபாரம் செய்தவன் நான், தேங்காயின் அருமை தெரியும், ஒன்று போதும் என்றேன். "சாவி போச்சுன்னா என்னையச் சொல்லக்கூடாது" என்றாள்.

நெடுமங்காடு 18 கிலோமீட்டர், 7.05. ஆளுக்கொரு டீ, 24 ரூபாய். அதுவரை வண்டி தேர் மாதிரி வந்தது. சுள்ளிமானூர் தாண்டியதும் கோளாறு. இறக்கத்தில் காலை எடுத்தால் வண்டி தானாக உருள வேண்டுமா இல்லையா? உருளவில்லை. பின்னால் யாரோ கயிறு கட்டி இழுப்பது போல் இருந்தது. ஸ்டியரிங் இடது பக்கம் போகப் பார்த்தது. நான் வலது காலைத் தரையில் ஊன்றி, பகவதி பார்க்கும்படி ஆட்டிக் காட்டினேன்.

"இந்தா பாரு, காலு எங்க இருக்கு?"

"ரோட்டப் பாருங்க."

"பிரேக்குலயா இருக்கு? சொல்லு. சாட்சி வேணும்."

"ரோட்டப் பாருங்கன்னேன்!"

விதுரையில் 8.00. வாடை வந்துவிட்டது. பகவதி கண்ணாடியை மட்டும் இறக்கினாள். அதற்குத் திட்டியிருக்கலாம். கல்லாறு 8.25, என் மீட்டரில் 45 கிலோமீட்டர். டீக்கடை எதிரே சமதரையில் ஒதுக்கினேன். புறங்கையை ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில், தொடாமல், கொண்டு போனேன். மூன்று சக்கரம் சாது. முன் இடது சக்கரம் தோசைக்கல். நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தேன், சொய்ங் என்றது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. கார் நடுவழியில் நின்றதற்குச் சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன். கால் பிரேக்கில் கிடந்திருந்தால் முன் சக்கரம் இரண்டுமே கொதிக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் என் கால் என்ன செய்யும் மகாராஜா? ஒரு சக்கரத்துக்கு மட்டும் தனியாக மிதிக்க எனக்கு வித்தை தெரியுமா?

"மெக்கானிக் சொல்லட்டும்" என்றாள் பகவதி. டீக்கடைக்காரர் விதுரையிலிருந்து ஷிபு என்பவரை போனில் கூப்பிட்டார். இருபது நிமிஷம் என்றவர் வர ஒரு மணி பத்து நிமிஷம் ஆனது. வந்ததும் டீ கேட்டார். டீ வந்ததும் வடை கேட்டார். நாகர்கோவிலில் எட்டு வருஷம் வேலை பார்த்தவராம், தமிழும் மலையாளமும் கலந்து பேசினார்.

"அண்ணாச்சி, இப்பத் தொடண்ட. சூடு போகட்டும்."

"ஒரு மணி நேரமா போயிட்டுதான் இருக்கு. நீர் வேலையப் பாரும்."

பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, போல்ட்டுகளைத் தளர்த்தி, பிறகு ஜாக்கி ஏற்றினார். சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினார். அசையவில்லை. பிரேக்கில் ஆயில் வெளியேற்றும் சிறு நட்டைக் கொஞ்சம் திறந்தார். சில சொட்டு வந்தது, சக்கரம் அப்போதும் இறுகியே இருந்தது.

"ஆயில் அழுத்தம் உள்ளே நின்னு பிடிக்கற கேஸ் அல்ல. அப்படின்னா இப்ப விட்டிருக்கும்."

சக்கரத்தைக் கழற்றினார். வட்டத்தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைப் பிரித்து, உள்ளே இருக்கும் பிஸ்டனைத் தள்ளிப் பார்த்தார். வெண்ணெய் மாதிரிப் போனது. "அப்ப பின்னுதான்" என்றார். காலிப்பர் அசைந்து நகர்வது 'பின்' என்கிற இரண்டு இரும்புக் கம்பி மேல்தான். அது சிக்கினால் மிதித்த பிரேக் பிடித்தபடியே நிற்கும்.

"அப்ப காலு காரணமில்லையே?" என்று சத்தமாகக் கேட்டேன். டீக்கடைக்காரருக்கும் கேட்க வேண்டாமா?

"காலா? ஏய், காலுக்கும் இதுக்கும் ஒரு பந்தமும் இல்ல அண்ணாச்சி."

பகவதியைப் பார்த்தேன். சிரித்துவிட்டாள். "செரி, சாவி ஒங்களுக்குத்தான்" என்றாள். நானும் அங்கேயே கூட்டத்தை முடித்திருக்க வேண்டும். ஆனால் ஷிபு பின்னைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அது வரவில்லை. முறுக்கினார், சுத்தியால் தட்டினார், அதன் அம்மாவைப் பற்றி ஏதோ மலையாளத்தில் சொன்னார். கடைசியில் வந்தது. அதன் ரப்பர் உறை ஊறிப்போன பஜ்ஜி போல உப்பியிருந்தது. ஷிபு பின்னை மூக்கருகே கொண்டு போனார். மறுபடி முகர்ந்தார்.

"அண்ணாச்சி, இது வெளிச்செண்ணெய், தேங்கா எண்ணெய் அல்லே?"

நான் ஆற்றைப் பார்த்தேன். தண்ணீர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

"பப்படம் வறுத்த மணம் வருதே. ஆரு ஊத்தினது?"

"வேற ஆரு, எங்க ஆளுதான்" என்றாள் பகவதி. "ஆடி மாச மழையில பிரேக்கு கிறீச்சுங்குதுன்னு ஸ்பானர் பெட்டியத் தூக்கிட்டு எறங்கினிய. எண்ணெ கேட்டிய, நானும் தலைக்குன்னு நெனச்சுக் குடுத்தேன். பிள்ளையாருக்கு ஒத்தத் தேங்கா, வீலுக்கு அரைக்குப்பி எண்ணெயா?"

அரைக்குப்பி இல்லை. ஒரு கரண்டி. வியாபாரத்தில் அளவு முக்கியம்.

எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊதிவிடுமாம், ஊதினால் பின் நகராதாம். இதற்கென்று தனி கிரீஸ் இருக்கிறதாம். ஷிபு பின்னைத் துடைத்து, அந்த கிரீஸைப் போட்டு, ரப்பர் இரண்டையும் புதிதாக மாற்றினார். அந்த மாடல் ரப்பர் அவர் பெட்டியிலேயே இருந்தது. வலது பக்கத்தையும் பிரித்தார். அங்கேயும் பப்பட மணம், பின் இன்னும் சிக்கவில்லை, அவ்வளவுதான். மொத்தம் 850 ரூபாய், டீ வடை தனி. "பிரேக் பேட் கருகியிருக்கு. பதுக்கெ, மெல்ல வீட்டுக்குப் போய் மாத்துங்க. மலை ஏறண்ட" என்றார். கல்லாற்றிலிருந்து மேலே இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. பிள்ளையாரே தள்ளினாலும் போயிருக்க மாட்டேன். பகவதி பாறை ஓரம் கால் நனைத்து வந்தாள். 11.40க்குத் திரும்பி, மெதுவாக ஓட்டி 2 மணிக்கு வீடு.

போகிறவர்கள் கேளுங்கள். இறக்கத்தில் வண்டி உருளாமல் இழுத்தாலோ, ஒரு பக்கம் சாய்ந்தாலோ, வாடை வந்தாலோ, நெடுமங்காட்டிலேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் கடை குறைவு. சக்கரத்தில் கை வைக்காதீர்கள். சூட்டோடு குடம் தண்ணீர் ஊற்றாதீர்கள், தட்டு வளைந்துவிடும். ஒன்று மட்டும் சூடா, இரண்டுமா என்று பார்த்து வைத்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள், பாதி வேலை முடிந்தது. வெறும் வயிற்று மெக்கானிக்கைக் கூப்பிடாதீர்கள்.

சாவி என்னிடம்தான் இருக்கிறது மகாராஜா, அதை குரூப்பில் போடு. ஸ்பானர் பெட்டி மட்டும் பகவதியின் பீரோவில், சேலைக்கு அடியில். எண்ணெய்க் குப்பியும் அங்கேதான். "காலு மேல குத்தமில்ல, கை மேலதான்" என்கிறாள். இதுவரை எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கரண்டி என்று வந்த இடத்தில் எழுந்துவிட்டாள்.

"இரு பகவதி, முடியல. எண்ணெய்மேல தப்பு சொல்லாத. ரப்பர்தான் மட்டம். எண்ணெ அசலு. இப்ப நம்ம அடுக்களக் கதவையே எடுத்துக்கோ, அந்தக் கீலுக்கு ஒரே ஒரு சொட்டு..."

அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கிறீச்சென்றது.