பெக்கொரினோ ஒரு கரண்டி

எர்சீலியா, கணவர் எமிதியோவின் தாடையில் நுரை பூசிச் சவரம் செய்துகொண்டிருந்தாள். பக்கவாதம் வந்தபின் அவருக்குத் தண்ணீர் குடித்தாலே புரையேறியது. அழிந்தே போனதென்று ஊர் நினைத்த பெக்கொரினோ திராட்சை, மலைமேட்டில் நாலைந்து பழைய கொடிகளாக அகப்பட்டு, மறுபடி வெள்ளை ஒயினாகியிருந்தது. அதில் ஒரு புட்டி மேசையில் இருந்தது.

“எங்கப்பா காலத்து ருசி, எர்சீ. ஒரே ஒரு வாய்.”

“வயித்துக்குப் போகாது, நுரையீரலுக்குப் போகும். தலையை ஆட்டாதே, கத்தி பட்டுடும்.”

“செத்தா அந்த ருசியோட சாவேன்.”

“இருமித் துப்பினா போர்வை துவைக்கிறவ நான்தானே?”

அவர் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, புரையேறாமல் விழுங்க நர்ஸ் தந்த கெட்டியாக்கும் மாவை ஒயினில் கலக்கிக் கூழாக்கினாள். அவரை நிமிர்த்தி உட்காரவைத்து ஒரு கரண்டி ஊட்டினாள்.

“பாழாக்கிட்டியே, பாவி!” என்றவர், மறுபடி வாயைத் திறந்தார்.