வரிசை எண் ஒன்பது: ஆட்டுக்கொட்டகை

மலையை உடைத்தால் என்ன ஆகும் என்பதை, மலையை உடைக்கப்போகிறவரிடமே கூலி வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்று இதற்குப் பெயர். சேலத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் அலுவலகம். முதலாளியோடு சேர்த்து ஐந்து பேர். களத்துக்குப் போகிறவன் நான். காற்று, தண்ணீர், சத்தம் எல்லாவற்றையும் அளந்து, மரம் செடிகளை எண்ணி, தலையணை மாதிரி ஒரு அறிக்கை எழுதுவேன். வாங்குகிறவர்கள் அதைக் கையில் எடுத்துக் கனம் பார்ப்பார்கள். கனமாக இருந்தால் நல்ல அறிக்கை. யாரும் படிக்காததை எழுதிப் பிழைக்கிறவர்கள் உங்களிலும் பலர் இருப்பீர்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எழுதுகிறவர்கள், ஆண்டறிக்கை எழுதுகிறவர்கள், சங்கத்து மலருக்குத் தலையங்கம் எழுதுகிறவர்கள். என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு கரட்டில் கல்குவாரி வைக்க ஒருவர் விண்ணப்பித்திருந்தார். மலை என்று சொல்லக் கூச்சப்படும் உயரத்தில் நிற்கிற பாறைமேட்டை எங்கள் ஊர்ப் பக்கம் கரடு என்போம். பதினோரு வருடத்தில் நான் எத்தனையோ கரடு ஏறி இறங்கியிருக்கிறேன். இப்போது சொல்லப்போவது அந்த ஒரு கரட்டின் கதை.

முந்நூறு மீட்டர்

முதல் வேலை, குவாரியைச் சுற்றி முந்நூறு மீட்டருக்குள் என்னென்ன கட்டடம் இருக்கிறது என்று பட்டியல் போடுவது. மோட்டார் அறை இருக்கலாம், கோழிப்பண்ணை இருக்கலாம். ஆள் குடியிருக்கிற வீடு இருந்தால்தான் வம்பு, அந்தப் பக்கம் வெடி வைக்க அனுமதி கிடைக்காது. குவாரிக்காரரும் கூடவே நடந்து வந்தார். ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர், இப்போது பல லாரிகளுக்குச் சொந்தக்காரர். எதைச் சொன்னாலும் மரியாதையாகச் சொல்கிறவர்.

எட்டுக் கட்டடம் எழுதியாயிற்று. ஒன்பதாவதாகக் கரட்டின் அடியில் ஓடு போட்ட சின்னக் கட்டடம் ஒன்று. கதவில் பூட்டுத் தொங்கியது. வாசலில் வேப்பமரத்தடியில் இரண்டு வெள்ளாடுகள் கட்டிக் கிடந்தன. உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது, கொண்டுபோன தண்ணீரும் தீர்ந்துவிட்டது. இதில் யாராவது குடியிருக்கிறார்களா என்று கேட்டேன். அவர் கூரையை ஒரு தரம் நிதானமாகப் பார்த்தார்.

"ஊடுன்னா அடுப்பெரியோணுமுங்க சார். பொகை ஏதாச்சும் தெரியுதுங்களா?"

விருந்தாளி

புகை தெரியாததால், வரிசை எண் ஒன்பது: ஆட்டுக்கொட்டகை, ஓட்டுக்கூரை, குடியிருப்பு அல்ல என்று எழுதிவிட்டு ஊருக்குள் போனேன். காற்றிலுள்ள தூசியை அளக்க ஒரு பெட்டி உண்டு. உள்ளே வெள்ளைத் தாள் ஒன்றை மாட்டி, யார் வீட்டு மொட்டைமாடியிலாவது ஒரு நாள் முழுக்க ஓட விடவேண்டும். காற்றை உறிஞ்சி உறிஞ்சித் தாள் அழுக்காகும். அந்த அழுக்குதான் கணக்கு. வார்டு உறுப்பினர் வீட்டில் சந்தோஷமாக இடம் கொடுத்தார்கள்.

மறுநாள் போய்த் திறந்தால், தாள் கடையில் வாங்கியபடியே இருந்தது. இந்தியாவில் இப்படிச் சுத்தமான காற்று இமயமலையில்கூட இருக்காது. விசாரித்தேன். அந்த வீட்டம்மா மாடியைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, பெட்டியின்மேல் துவைத்த வேட்டி ஒன்றைப் போர்த்தி, காற்றில் பறக்காமல் கல்லும் வைத்திருந்தார். மறுபடி அளக்க எனக்கு நேரமில்லை, பெட்டி மறுநாள் வேறொரு வேலைக்கு மோகனூரில் இருக்கவேண்டும். அந்த அளவே அறிக்கையில் ஏறியது. ஏன் மூடினீர்கள் என்று நான் கேட்டது அந்தம்மாவுக்கு வருத்தம்.

"நம்ம ஊட்டுக்குன்னு வந்த மெசினுங்க. அதுமேல தூசி படிஞ்சா நமக்குத்தானுங்க கேவலம்?"

பக்கத்து சர்வே நம்பர்

அடுத்தது விலங்கு, பறவைப் பட்டியல். காக்கை, மைனா, ஓணான் என்று எழுதிக்கொண்டே போகும்போது பாறைமேல் ஏழெட்டு மயில்கள் வந்து நின்றன. மயில் இருந்தால் அதைப் பாதுகாக்கத் தனித் திட்டம் எழுதவேண்டும், அதற்குத் தனி அனுமதி, தனிக் கோப்பு. எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கே மயில் என்றால் ஆகாது, போட்ட விதையைப் பொறுக்கிவிடும். எங்கள் தொழிலில் அது அதைவிடப் பெரிய தொல்லை.

குவாரிக்காரர் அசரவில்லை. கையை நெற்றியில் வைத்து மயில்கள் வந்த திசையைப் பார்த்தார். பிறகு எனக்கு விளங்கும்படி, கையால் எல்லை போட்டுக் காட்டினார்.

"அதெல்லாம் பக்கத்து சர்வே நம்பர் மயிலுங்க சார். இங்க மேய மட்டுந்தான் வருதுங்க."

கடலாமை

அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த அறிக்கையையும் முதல் பக்கத்திலிருந்து எழுதமாட்டோம். பழைய அறிக்கையைத் திறந்து, ஊர்ப் பெயரை மாற்றிவிட்டு ஆரம்பிப்போம். இந்தக் கரட்டுக்கு எடுத்த பழைய அறிக்கை ஒரு துறைமுக வேலையுடையது என்பதை நான் கவனிக்கவில்லை. நூற்றெழுபதாம் பக்கத்தில், 'இத்திட்டத்தால் கடலாமைகளின் முட்டையிடும் இடங்களுக்குப் பாதிப்பு ஏதும் இல்லை' என்று ஒரு வரி. கண்டதும் அடித்துவிட்டு முதலாளியிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். ஒரு வரி குறைந்தால் பக்க எண் எல்லாம் மாறிவிடுமே என்பதுதான் அவருடைய கவலை.

"நாமகிரிப்பேட்டையில கடலாமைக்குப் பாதிப்பு உண்டாய்யா? இல்லைல்ல? அப்ப உண்மையத்தானே எழுதியிருக்கோம், இருக்கட்டும் விடு."

கோலம்

சோதனைக்கு இரண்டாம் தடவை கிணற்றுத் தண்ணீர் எடுக்க இன்னொரு நாள் போனேன். காலை பத்து மணி இருக்கும். ஆட்டுக்கொட்டகைக் கதவில் அதே பூட்டு. ஆனால் வாசல் தெளித்து, கோலம் போட்டிருந்தது. கொடியில் ஒரு சேலை ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. சுவரில் மின்சார மீட்டர். இரண்டு ஆடுகளும் என்னைப் பார்த்தன.

அங்கிருந்தே முதலாளிக்குப் போன் போட்டேன். பட்டியல் கையெழுத்தாகிப் போய்விட்டது, அறிக்கையின் சுருக்கமும் அச்சுக்குப் போய்விட்டது என்றார். வாசலில் கோலம் இருக்கிறது என்று மறுபடி சொன்னேன். அவர் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்.

"கோலம் போட்டா வீடாய்யா? நம்ம மருந்துக்கடை வாசல்லயுந்தான் தினம் போடறாங்க."

நானும் சரி என்று போனை வைத்துவிட்டு, தண்ணீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். இதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் நான் யோக்கியன் மாதிரி ஆகிவிடும்.

முதல் வாசகர்

அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் அச்சடித்து ஊராட்சி அலுவலகத்தில் வைக்கவேண்டும் என்பது விதி. வைப்போம். கருத்துக் கேட்புக் கூட்டம் முடிந்ததும் தூசி தட்டித் திருப்பி எடுத்து வருவோம். இந்த முறை அதை ஒருவர் படித்துவிட்டார். பாவாயி என்று பெயர், நாற்பத்தைந்து வயதிருக்கும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். வேலைக்கு வந்தவர்களைப் போட்டோ எடுத்துப் போனில் ஏற்றினால்தான் வருகைப் பதிவு. அன்றைக்கு வேலை ஊராட்சி அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே. சிக்னல் கிடைக்கவில்லை. எல்லாரும் நிழலில் காத்திருக்க, பாவாயி மேசைமேல் இருந்த என் சுருக்கத்தை எடுத்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்திருக்கிறார்.

சிக்னல் வந்தபோது அவர் இருபத்தாறாம் பக்கத்தில் இருந்தாராம். போட்டோவுக்கு நின்றுவிட்டு, திரும்பப் போய் மிச்சத்தையும் படித்திருக்கிறார். பிறகு பக்க எண்ணை ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார். இதை எனக்குச் சொன்னவர் ஊராட்சிச் செயலர்.

"கூட்டத்துக்கு நீங்க வருவீங்கல்ல சார்? அந்தம்மா உங்க பேரு கேட்டாங்க."

கருத்துக் கேட்பு

சாமியானா, நாற்காலி, டீ, பிஸ்கட். ஆட்சியர் சார்பில் ஒரு அதிகாரி வந்திருந்தார். குவாரிக்காரரின் ஆட்கள் இரண்டு வேனில் வந்து, வேலைவாய்ப்பு பெருகும் என்று ஒவ்வொருவராகச் சொல்லி உட்கார்ந்தார்கள். கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் வெடிச் சத்தத்தில் கோழி முட்டை வைக்காது என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார். அடுத்துப் பாவாயி மைக்கை வாங்கினார். சத்தமே போடவில்லை. இருபத்தாறாம் பக்கம், வரிசை எண் ஒன்பதில் ஆட்டுக்கொட்டகை என்று எழுதியிருப்பது தன் வீடு என்றார். கணவர் போர்வெல் வண்டியில் வடக்கே போய்விட்டால் பத்து மாதம் வரமாட்டார், பகலெல்லாம் தான் வேலைக்குப் போய்விடுவதால் வீடு பூட்டியிருக்கும், பதினாறு வருடமாக அங்கேதான் இருக்கிறோம், வேறு வீடு கிடையாது, வெடி வைத்தால் ஓடு தலையில்தான் விழும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

குவாரிக்காரர் எழுந்து, புகையே வராத கட்டடம் எப்படி வீடாகும் என்று மரியாதையாகக் கேட்டார். பாவாயி பையிலிருந்து சமையல் கேஸ் சிலிண்டர் புத்தகத்தை எடுத்து அதிகாரி முன்னால் வைத்தார். அதன்பிறகு குவாரிக்காரர் உட்கார்ந்துவிட்டார். பாவாயி என் பக்கம் திரும்பினார். வந்தபோது கதவைத் தட்டினீர்களா என்று மட்டும் கேட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளி, அச்சுப் பிழை என்று சொல்லிவிடு என்றார் காதோடு. சொல்லியிருக்கலாம். அதுதான் எங்கள் தொழிலில் வழக்கம். ஆனால் பதினோரு வருடத்தில் நான் எழுதியதைப் படித்த ஒரே ஆள் எதிரே நிற்கிறார், அவரிடம் எப்படிப் பொய் சொல்வது? எழுந்து, தட்டவில்லை, பூட்டியிருந்ததால் ஆளில்லை என்று நினைத்துவிட்டேன், தப்பு என்னுடையது என்றேன். அவ்வளவு பேர் முன்னால் எனக்கு வெட்கம் தாங்கவில்லை. பாவாயிக்குக் கோபம்கூட வரவில்லை. நிஜமாகவே விளங்காதவர் மாதிரிக் கேட்டார்.

"ஆட்ட வெளிய கட்டிப்போட்டுட்டு, கொட்டகையப் பூட்டிட்டு யாராச்சும் போவாங்களாங்க சார்?"

வரிசை எண் பத்து

வீட்டிலிருந்து தூரத்தை அளக்கச் சொல்லி அதிகாரி உத்தரவு போட்டார். நானேதான் போனேன். ஞாயிற்றுக்கிழமை, கதவு திறந்திருந்தது. திறந்த கதவையும் தட்டினேன். பாவாயி மோர் கொடுத்தார், எனக்கு அதுவே கஷ்டமாக இருந்தது. டேப்பின் ஒரு முனையை அவர் காலால் மிதித்துக்கொள்ள, மறுமுனையை நான் கரட்டு எல்லைக்கல் வரை, டேப்பை மாற்றி மாற்றி வைத்து இழுத்தேன். நூற்று நாற்பது மீட்டர். வரிசை எண் ஒன்பதை அடித்துவிட்டு, 'வீடு, ஓட்டுக்கூரை, குடியிருப்பு' என்று எழுதிக் காட்டினேன். வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பிறகு அனுமதி இல்லை என்று கோப்பு திரும்பி வந்துவிட்டது. குவாரிக்காரர் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, கரட்டுக்கு அப்பால் மேற்கே கொஞ்சம் இடம் கேட்டுப் புதிதாக விண்ணப்பித்திருக்கிறார். அதற்கும் அறிக்கை நாங்கள்தான்.

அளக்கப் போன அன்றைக்கு நான் வண்டியை எடுக்கப்போகும்போது பாவாயி கூப்பிட்டார். வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். தென்னங்கீற்று வேய்ந்து, நான்கு கால் நட்டு, தரையெல்லாம் புழுக்கையாக ஒன்று இருந்தது.

"ஆட்டுக்கொட்டகை இதுதானுங்க சார். இதையும் எழுதிக்கோங்க, நாளைக்கு இதுல ஆளு குடியிருக்குதுன்னு யாரும் எழுதிரக் கூடாதுங்க."

அதிலிருந்து எந்த ஊரில் எந்தக் கொட்டகையைக் கண்டாலும், உள்ளே கத்துவது ஆடுதான் என்று காது நன்றாகச் சொன்னாலும், ஒரு தரம் கதவைத் தட்டிவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன்.