ஜெசிந்தா அக்கா நிறுத்தாத இயந்திரம்

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்தைத் திறந்துகொண்டிருந்தபோது தங்கச்சிமடத்திலிருந்து அந்தோணி அழைத்தார். ஜெசிந்தா அக்காவின் தம்பி. “அக்கா தவறிட்டாங்கண்ணே. நாளைக்குப் பத்து மணிக்குச் சர்ச்சுல பூசை, அடக்கம். வந்துருங்க.” சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ராமநாதபுரத்தில் ஒரு சிறிய மண் பரிசோதனைக் கூடத்தில் அக்காவும் நானும் பதினாறு வருடம் அடுத்தடுத்த மேசையில் வேலை பார்த்தோம். அவரிடம் திட்டு வாங்காதவர் அங்கே யாரும் இல்லை. அதிகம் வாங்கியவன் நான்.

தண்டவாளத்துக்கு அடியிலிருந்து எடுக்கும் களிமண்ணைக் குழாயோடு மெழுகு வைத்து அடைத்துக் கொண்டுவருவோம். ஜீப்பில் அக்கா அதை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே வருவார். “மெதுவாப் போங்கண்ணே, குலுங்குச்சுன்னா மண்ணு பொய் சொல்லிரும்” என்று ஓட்டுநரிடம் சொல்வார்.

ஒருமுறை, கடற்கழியை ஒட்டிய பாதையில் ரயில் வேகத்தைக் கூட்டலாமா என்று பார்க்க மண் வந்தது. சக்கரங்கள் ஏறி இறங்குவதுபோல இயந்திரம் அதை அழுத்தி அழுத்தி விட்டது. முதல் நாள் மண் அசையவில்லை. ஒப்பந்தக்காரர் வாசலில் காத்திருந்தார். அறிக்கையில் ‘தாங்கும்’ என்று எழுதி அக்காவிடம் நீட்டினேன். அக்கா கையெழுத்துப் போடவில்லை.

“ஒரு நா ஓட்டத்துக்குத் தாங்குது. வருசம் பூரா வர்ற வண்டிக்குத் தாங்குமா? மிசின் ஓடட்டும் ராசு.”

“ஓனர் கத்துவாருக்கா.”

“கத்தட்டும். அந்த வண்டிலதான் எங்கம்மா மதுர ஆஸ்பத்திரிக்குப் போகுது.”

முதலாளி கத்தத்தான் செய்தார். கையெழுத்துப் போட முடியாவிட்டால் வேலையை விட்டுப் போகலாம் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அக்கா நாற்காலியை இழுத்து இயந்திரத்தின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மண்ணுக்குள் சிக்கிய தண்ணீரின் அழுத்தம் நாளுக்கு நாள் ஏறியது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் மண் மயிரிழை அமுங்கியது, அமுங்கியது மீளவில்லை. நான்காம் நாள் மதியம் பிதுங்கிச் சாய்ந்தது. முதலாளி குனிந்து பார்த்தார். நான் எழுதிய அறிக்கையை வாங்கிக் கிழித்தார். அக்கா என்னைப் பார்த்து, “சாப்ட்டியா?” என்று மட்டும் கேட்டார். அந்தப் பாதையில் வடிகால் வெட்டி, மணல் பரப்பி, பிறகே வேகம் கூட்டினார்கள்.

அடுத்த வருடம் இன்னோர் இடத்து மண்ணையும் சந்தேகப்பட்டு ஒரு வாரம் ஓடவிட்டார். அது கொஞ்சம் அமுங்கி, பிறகு இறுகி நின்றுவிட்டது. அறிக்கையின் கடைசியில் அக்கா தன் கையால் எழுதினார்: ‘என் சந்தேகம் தவறு. இந்த மண் தாங்கும்.’

“இதையெல்லாமாக்கா எழுதுறது?”

“எழுதலேன்னா அடுத்த தடவ நான் சந்தேகப்பட்டா எவன் நம்புவான்?” என்றவர், சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் டீ சொன்னார்.

அடக்கத்துக்கு மறுவாரம், நான் கொடுத்து முடித்த ஓர் அறிக்கையில் பிழை கண்ணில் பட்டது. வேறு யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. அறிக்கையை வாங்கியவருக்குப் போன் போட்டு, “எம்மேல தப்புங்க, திருத்திக் கொண்டாரேன்” என்றேன். இப்படிச் சொல்லும் தைரியம் எனக்கு முன்பு இருந்ததில்லை. அக்கா எனக்கு விட்டுச்சென்றது அது.