வெள்ளிக்கிழமைக் குழம்பு

என் வீட்டுக்காரருக்கு உப்பு போடத் தெரியாது என்று ஒரு ஓட்டல் செஃப் சொன்னான். மரக்காணத்து உப்பளத்தில் பிறந்து வளர்ந்த மனுஷனைப் பார்த்து! இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது. அப்புறம்தான் வயிறு எரிகிறது.

நாங்கள் இரண்டு பேருமே சமையல்காரர்கள். குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் அடுப்படியில்தான் எங்கள் காதல் ஆரம்பித்தது. நான் பெருமுக்கல் பக்கத்து விவசாயக் குடும்பம். அவர் மாதா கோயில் குடும்பம். கல்யாணம் என்றதும் என் வீட்டில் என்னைத் தலைமுழுகிவிட்டார்கள். கோயிலில் தாலி வாங்கிக்கொண்டு அவருடைய அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே எங்களுக்கென்று கிடைத்தது கூடத்தில் ஒரு மூலை. குறுக்கே என் பழைய புடவையைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்கு அறை என்று பேர் வைத்துக்கொண்டோம். அந்தப் பக்கம் அண்ணன் பிள்ளைகள் டிவி பார்க்கும். இந்தப் பக்கம் நாங்கள் கிசுகிசுவென்று சண்டை போடுவோம். சண்டையைக்கூட வாய்விட்டுப் போட முடியாத குடித்தனம்.

தனியாக வீடு பார்ப்போம் என்று வருஷா வருஷம் பேசுவோம். மழை பிடித்ததும் உப்பளத்தில் வேலை நின்றுவிடும், அண்ணன் குடும்பமும் எங்கள் சம்பளத்தை நம்பி உட்கார்ந்துவிடும். பேச்சு அதோடு போகும்.

பிறகு முதலாளி கெஸ்ட் ஹவுஸை விற்றுவிட்டார். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வேலை போனது. கூட வேலை பார்த்த ஒருவர்தான் சென்னையில் ஆள் எடுக்கும் ஏஜென்சி ஒன்றைச் சொன்னார். மஸ்கட்டில் ஒரு ஓட்டலுக்குத் தென்னிந்தியச் சமையல் தெரிந்த இரண்டு பேர் வேண்டுமாம். நாங்கள் புருஷன் பெண்டாட்டி என்று போனில் சொன்னதும் அந்த ஏஜென்சிப் பெண்ணின் குரல் குழைந்தது.

"கப்பிள்னா ரொம்ப நல்லதுங்க. ரெண்டு பேரும் செலக்ட் ஆயிட்டீங்கன்னா தனி ரூம் குடுத்துடுவாங்க. அட்டாச்டு பாத்ரூம்."

போனை வைத்ததும் அவர் கேட்டார். "ரூமுக்குக் கதவு இருக்கும்ல?"

"கதவில்லாம ரூம் எவன்யா குடுப்பான்?"

"தாழ்ப்பா?"

"உள்ளார ஒண்ணு, வெளிய ஒண்ணு. போதுமா?"

அன்றிலிருந்து சம்பளம், விசா எதைப் பற்றியும் நாங்கள் பேசவில்லை. அந்த அறையைப் பற்றித்தான் பேசினோம். கட்டிலை ஜன்னல் ஓரம் போட வேண்டும் என்றார் அவர். வெயில் அடிக்கும், சுவர் ஓரம்தான் என்றேன் நான். பார்க்காத அறைக்கு அப்படி ஒரு சண்டை.

இந்த இடத்தில் வெள்ளிக்கிழமைக் கதையைச் சொல்லியாக வேண்டும். அவர் ஒன்றும் பெரிய பக்திமான் கிடையாது. ஞாயிறு பூசை நடக்கும்போது பாதி நேரம் கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிற ரகம். ஆனால் ஈஸ்டருக்கு முன்னால் வருகிற தவக்காலத்தில், வெள்ளிக்கிழமையானால் கறி நாக்கில் படக்கூடாது, மீன் பரவாயில்லை. சாகக் கிடந்த அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. அதில் மட்டும் ஆளை அசைக்க முடியாது.

கெஸ்ட் ஹவுஸில் வந்து தங்குகிறவர்களுக்குத் தவக்காலம் ஏது? வெள்ளிக்கிழமையும் கறி கேட்பார்கள். அவர்தான் சமைப்பார், ருசி பார்ப்பது நான். பக்கத்து அடுப்பில் என் வேலையைப் பார்த்துக்கொண்டே, திரும்பாமல் உள்ளங்கையை நீட்டுவேன். அவர் கரண்டியிலிருந்து ஒரு சொட்டு விழும். நக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்பேன், இல்லாவிட்டால் "போதும்" என்பேன். மறுபேச்சே கிடையாது.

"என் நாக்கை உங்கிட்டதாண்டி குடுத்து வெச்சிருக்கேன்" என்பார். கொழுப்பு.

ஏஜென்சிக்காரர்கள் டெஸ்டுக்குக் குறித்த நாள் தவக்காலத்து வெள்ளிக்கிழமை. நாளை மாற்றிக் கேளுங்கள் என்று தலையால் அடித்துக்கொண்டேன். "மீன் குடுப்பான், இல்லன்னா சாம்பார் குடுப்பான். உடும்மா" என்றார். அண்ணன் பாத்தியில் வாரிய கல்லுப்பைக் கைக்குட்டையில் முடிந்து பையில் போட்டுக்கொண்டார். பொடி உப்பை அவர் உப்பென்றே ஒத்துக்கொள்ள மாட்டார். எங்கள் அடுப்படிக்குள் அது வந்ததே இல்லை.

அந்த முடிச்சை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். வெளிச்சாமான் உள்ளே வரக்கூடாதாம். மஸ்கட்டிலிருந்து வந்திருந்த செஃப் எனக்கு சாம்பாரும் மெதுவடையும் கொடுத்தான். அவருக்குக் கோழிக்குழம்பு. இரண்டு அடுப்புக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு. ஒருத்தரோடு ஒருத்தர் பேசக்கூடாது.

அவர் சமைப்பதை நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மசாலா வதக்கிய விதத்தைப் பார்த்தாலே எனக்கு வாசனை தெரிந்தது. அப்புறம் டப்பாவில் இருந்த பொடி உப்பை அள்ளிப் போட்டார். அது கல்லுப்புக்குப் பழகின கை. ஒரு பிடி கல்லுப்பில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காற்று இருக்கும். ஒரு பிடி பொடி உப்பில் உப்பு மட்டும்தான் இருக்கும்.

அவருக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கரண்டியில் குழம்பை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். நானும் பழக்க தோஷத்தில் கையை நீட்டிவிட்டேன். கண்ணாடியில் இடித்தது. "மேடம், உங்க வேலையைப் பாருங்க" என்றான் மேற்பார்வைக்கு நின்றவன். நக்கிப் பாருய்யா என்று சத்தமில்லாமல் வாயை அசைத்தேன். நன்றாகப் புரிந்தது அவருக்கு. இல்லையென்று தலையாட்டிவிட்டு அடுப்பை அணைத்தார்.

செஃப் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தான். உடனே டிஷ்யூ பேப்பரில் துப்பினான்.

"சார், பொறுங்க சார்!" நான் தடுப்பைத் தாண்டி ஓடினேன். "இன்னிக்கு அவரு கறியை வாயில வெக்க மாட்டாரு சார். தவக்காலம். எப்பவும் நாந்தான் ருசி பார்த்துச் சொல்வேன்."

அவன் கெட்டவன் இல்லை. பொறுமையாகத்தான் சொன்னான். "அம்மா, அங்க தெனம் கறிதான். சமைக்கறவர் ருசி பார்க்காம நான் எப்படி வெளிய அனுப்புறது? இவருக்கு உப்பே போடத் தெரியலையே."

என் வீட்டுக்காரர் ஏப்ரனை அவிழ்த்து மடித்து மேஜைமேல் வைத்தார். என் சாம்பாருக்கு வேலை கிடைத்தது.

திரும்பி வரும்போது கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில்தான் முதல்முறையாக வாய்விட்டுச் சண்டை போட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"ஒரு சொட்டுய்யா! ஒரு சொட்டுக்கு உங்கம்மா கோச்சுக்குமா?"

"வாக்குன்னா வாக்குதான்."

"அப்போ ரூமு?"

அதற்குத்தான் அவர் முகம் வாடியது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் என் கையைப் பிடித்தார். "நீ போ. திரும்பவும் டெஸ்ட் வெப்பாங்களாம். அடுத்த வாட்டி வந்துடறேன். நீ போய் ரூமைப் பார்த்து வை."

நான் மாட்டேன் என்றேன். எத்தனை நாள்தான் மாட்டேன் என்று சொல்வது? புடவைக்கு அந்தப் பக்கம், எங்கள் சம்பளத்தை நம்பியிருந்த எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். போனேன்.

மஸ்கட்டில் எனக்கு வேறு பெண்களோடு அடுக்குக் கட்டில். அவர் அண்ணனோடு உப்பளத்து வேலைக்குப் போனார். சாயங்காலமானால் வீடியோ கால். அண்ணன் வீட்டு அடுப்பில் பொடி உப்பு போட்டுச் சமைத்துப் பழகுவதை எனக்குக் காட்டுவார். "பாரு, ரெண்டு விரல்தான், பிடி கிடையாது" என்பார். பொடி உப்பை ஜென்ம விரோதியாக நினைத்த மனுஷன். அழுகையை அடக்கிக்கொண்டு, "போதும், நிறுத்து" என்பேன்.

மழைக்காலத்தில் மறுபடியும் டெஸ்ட் வைத்தார்கள். அவர் பாஸாகிவிட்டார். அந்த ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் போனில் கத்திய கத்தலில் என் அறைப் பெண்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஓட்டலில் தனி அறைச் சாவியை என் கையில் கொடுத்தார்கள். கதவின் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்து பார்த்தேன். கட்டிலைத் தனியாளாக இழுத்து ஜன்னல் ஓரம் போட்டேன். அவர் ஆசைப்பட்ட இடம். ஆனால் அங்கே படுக்கவில்லை. அவர் வந்த பிறகுதான் என்று பூட்டிவிட்டேன்.

விசாவுக்கு முன்னால் மெடிக்கல் செக்கப் இருந்தது. அதில் நிறுத்திவிட்டார்கள். நெஞ்சில் அடைப்பு.

"உப்புல பாஸ், நெஞ்சுல ஃபெயில்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடனே கிளம்பி வருகிறேன் என்றேன். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், அவசரப்படாதே, லீவு கிடைக்கும்போது வா என்றார். நான் லீவுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

லீவுக்கு முன்னால் அவருடைய அண்ணன் போன் வந்துவிட்டது. மழை விட்டு உப்பளத்தில் மறுபடி வேலை தொடங்கியிருந்தது. உப்பு வாரிக்கொண்டிருந்தவர், "கொஞ்சம் உக்காந்துக்கறேண்ணா" என்று வரப்பில் உட்கார்ந்தாராம். அவ்வளவுதான்.

நான் வந்து சேரும்வரை ஃப்ரீஸர் பெட்டியில் வைத்திருந்தார்கள். கூடத்தில், எங்கள் மூலையில். பெட்டியை வைப்பதற்காகப் புடவையை அவிழ்த்திருந்தார்கள். பெட்டிக்கு மேலே கண்ணாடி. "இன்னாய்யா இது, தாழ்ப்பா கேட்டியே, சாவி வாங்கி வெச்சிருக்கேன்யா, எழுந்திருய்யா" என்று கத்தினேன். தெருவே கேட்கட்டும் என்று கத்தினேன். இனிமேல் யாருக்காகக் கிசுகிசுப்பது?

நான் மஸ்கட்டுக்குத் திரும்பவில்லை. குயிலாப்பாளையத்தில் ஒரு சின்ன ஓட்டலில் சமைக்கிறேன். இப்போது தவக்கால வெள்ளிக்கிழமையில் நானும் கறி தொடுவதில்லை. யாருக்கு வாக்குக் கொடுத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கோழிக்குழம்பைக் கூட வேலை செய்யும் பெண் சமைக்கிறாள், அவளே ருசி பார்த்துக்கொள்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை நான் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அடுப்பில் குழம்பு கொதிக்கும் வாசனை வந்தது. அந்தப் பெண், "இன்னாக்கா, இன்னா வேணும்?" என்று கேட்ட பிறகுதான் பார்த்தேன். திரும்பாமலேயே உள்ளங்கையை அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.