பென்சிலினுக்குப் பயப்படாத கிருமி

அடுத்தவர் சீழைப் பிள்ளைபோல வளர்த்துச் சம்பளம் வாங்குவதுதான் லேப் டெக்னீஷியன் உத்தியோகம். அந்தப் பாவத்தைச் செய்த சகோதர சகோதரிகளே, எழுபதுகளில் காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரின் கிளினிக்கை ஒட்டிய லேபில் நான் பட்டதைக் கேளுங்கள்.

கடல்பாசி

கறிச்சாற்றில் கடல்பாசியைக் காய்ச்சி, கண்ணாடித் தட்டில் உறைய வைத்தால் அதன்மேல் கிருமி நன்றாக வளரும். ஒருநாள் அடுப்பில் அது கொதித்துக்கொண்டிருந்தபோது, யூரினில் சர்க்கரை பார்க்க நூர்ஜகான் அம்மா வந்தார். கறிக்கடை பாயின் மனைவி. பாத்திரத்தை எட்டிப் பார்த்தார்.

"நோம்புக்கு நாங்க இதைத்தான் பால் ஊத்திக் காய்ச்சுவோம். நீ யாருக்கும்மா காய்ச்சுற?"

கிருமிக்கு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "சக்கரை போட்டியா?"

தும்மினாலும் ஊசி

முசரவாக்கம் முனுசாமி விவசாயி. புதிதாக ஒரு கட்சியிலும் சேர்ந்திருந்தார். தும்மினாலும் பென்சிலின் ஊசி கேட்பார். காலில் வந்த கட்டி மட்டும் எத்தனை ஊசி போட்டும் அடங்கவில்லை. "காலை எடுத்துடுவாங்களாம்மா?" என்று பயந்துபோய் என்னிடம் கேட்டார்.

சீழை எடுத்து வளர்த்துப் பார்த்தேன். தட்டில் வைத்த பென்சிலின் வில்லையை ஒட்டியே கிருமி செழித்திருந்தது. மருந்து கேட்டிருந்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தட்டு வெறுமையாக இருந்திருக்கும்.

டாக்டர் தட்டைக் காட்டி முனுசாமிக்கு விளக்கினார். "பென்சிலினை உடைக்கிற சரக்கைச் செய்யறதுக்கு இதுகிட்ட ஒரு ஜீன் இருக்கு. சும்மா இருக்கும்போது அதை அடக்கியே வெச்சிருக்கும். வீணா எதுக்கு உழைக்கணும்? பென்சிலின் வந்து தொட்டதும் முடுக்கிவிட்டு, மளமளன்னு சரக்கைச் செய்யும். ஆபத்து போனதும் மறுபடி நிறுத்திடும்."

அத்தனை பயத்திலும் முனுசாமி சிரித்துவிட்டார். "நம்ம கட்சி ஆளுங்க மாதிரி சார். தூங்கிக்கினே இருப்பானுங்க, எலக்சன் வந்தாத்தான் எழுந்துப்பானுங்க."

பூசணிக்காயும் ஜலதோஷமும்

வேறு மருந்து வில்லைகளையும் வைத்துப் பார்த்தேன். ஒன்றைச் சுற்றி மட்டும் கிருமி இல்லாமல் தட்டு பளிச்சென்று இருந்தது. அந்த மருந்தையே டாக்டர் கொடுத்தார். கட்டி வற்றியது, கால் பிழைத்தது.

சந்தோஷத்தில் முனுசாமி எனக்கு ஒரு முழுப் பூசணிக்காயைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார். கூடவே ஜலதோஷத்தையும் கொண்டுவந்திருந்தார்.

"சார், ஒரு பென்சிலின் போட்டு அனுப்புங்க."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "அன்னைக்கு அவ்வளவு சொன்னேனேப்பா!"

முனுசாமி அசரவில்லை. "அது கால்ல இருந்த கிருமி சார். மூக்குல கீறதுக்கு அந்த சமாச்சாரம் எப்படித் தெரியும்?"

அந்த லேபில் இருந்தவரை எத்தனையோ கிருமிகளை வளர்த்தேன், ஒன்றுகூட ஊசி போடச் சொல்லி அடம்பிடித்ததில்லை.