சாட்சிக்கும் கிரேடு உண்டு

அன்றைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் நாங்கள் ஆறு பேர். எண்பதைத் தொட்டுவிட்ட என் அப்பா. ராணுவ டாங்கி செய்யும் பேக்டரியில் அவருக்கு மேலே ஃபோர்மேன்களாக இருந்து ரிட்டயர் ஆன இரண்டு பேர், அவரைவிடக் கிழவர்கள். பத்திரம் எழுதுகிறவர். எங்களை ஏற்றிவந்த ஆட்டோக்காரர்; அவரும் ஒரு காலத்தில் அப்பாவின் செக்‌ஷனில் டூல் பெட்டி தூக்கியவர்தான். ஆறாவது நான். தம்பி வரவில்லை. பூந்தமல்லி ஃப்ளாட்டில் மீட்டிங்கில் இருந்தான். அவன் எப்போதும் மீட்டிங்கில்தான் இருப்பான்.

புருஷன் விட்டுப்போன பிறகு தையல் மெஷினோடு நான் இருப்பது அப்பாவின் சேக்காட்டு வீட்டில்தான். அதை எனக்கு எழுதி அப்பா ஏற்கெனவே ஓர் உயில் வைத்திருந்தார். அதில் கையெழுத்துப் போட்ட சாட்சிகள் இருவரும் செத்துப்போனார்கள். இரண்டாமவர் போன அன்று தம்பி போனில், “அது அப்பா கையெழுத்துதான்னு நாளைக்கு யாருக்கா வந்து சொல்லுவாங்க?” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் ஒன்பதாவதோடு நின்றவள், சட்டம் தெரியாது. ஆனால் எண்பது வயதுக்காரருக்கு எண்பத்திரண்டு வயதுக்காரரைச் சாட்சி வைத்தால் யார் முதலில் போவார் என்று கணக்குப் போட ஒன்பதாவதே அதிகம்.

புது உயிலுக்காவது வயது குறைந்தவர்களைக் கூப்பிடச் சொன்னேன். அப்பா கேட்டால்தானே. “எனக்குக் கீழ இருந்தவன் என் பத்திரத்துல கையெழுத்துப் போடுவானா? கிரேடுன்னு ஒண்ணு இல்ல?” பேக்டரி அவரை அனுப்பி இருபது வருஷமாகிறது. அந்தக் கிரேடு மட்டும் இன்னும் சம்பளமில்லாமல் டியூட்டி பார்க்கிறது.

உள்ளே சாட்சிகளின் ஆதாரைக் கேட்டார் அந்த அலுவலகத்து அம்மா. ஒரு ஃபோர்மேனுக்கு மருமகள் கவரில் போட்டுக் கொடுத்திருந்தாள். இன்னொருவர், மீசை கறுப்பாக இருந்த காலத்துப் பேக்டரி பாஸை எடுத்து மேஜையில் வைத்தார்.

“இதக் காட்டினா கேட்ல செல்யூட் அடிப்பான்மா.”

“இங்க கேட் இல்ல சார். ஆதார் குடுங்க.”

அவர் வீடு கரையான்சாவடியில். போய் எடுத்து வருவதற்குள் எங்கள் டோக்கன் தாண்டிவிடும். அடுத்த வாரம் அப்பாவுக்கு ஆஞ்சியோ. ஃபோர்மேனோ பாஸைச் சட்டைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னாக்கா, ஆதார்தானே? என்கிட்ட கீது,” என்றார் ஆட்டோக்காரர். “பாக்கெட்லயே வெச்சிகினுதான் சுத்துறேன்.”

“நீ போய் வண்டியப் பாருடா,” என்றார் அப்பா.

“வண்டி எங்கயும் பூடாது சார். அப்பால திட்டிக்க. அக்காவுக்கு ஊடு வேணாமா?”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பாஸ் வைத்திருந்த ஃபோர்மேனைப் பார்த்தார், லீவுக்கு அனுமதி கேட்கிறவர் மாதிரி. அந்தப் பெரியவர் யோசித்து, “டெம்பரரியா போட்டுக்கட்டும்ப்பா,” என்று உத்தரவு கொடுத்தார். உயிலுக்கு டெம்பரரி சாட்சி! இவர்கள்தான் நாட்டுக்கு வண்டி செய்து கொடுத்தவர்கள்.

ஆட்டோக்காரர் இனிஷியலோடு நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அவர் ஆதாரில் பிறந்த வருஷத்தை மூன்று முறை படித்தேன். நாற்பத்தெட்டு வயது.

வீட்டு வாசலில் இறங்கியதும் அப்பா ஃபோர்மேன்களுக்குக் காபி போடச் சொன்னார். ஆட்டோக்காரரிடம், “உன்னக் கையெழுத்துப் போட விட்டதே மரியாதைடா. வாடகைய அப்புறம் பாக்கலாம்,” என்றார். நான் ரூபாயை நீட்டினேன்.

“வேணாங்க்கா. சார் கையாலதான் வாங்குவேன்.”

இவருக்கும் கிரேடு.

நாலு மாதமாகிறது. ஆஞ்சியோ முடிந்து அப்பா நன்றாகத்தான் இருக்கிறார். ஆட்டோ வாடகையைக் கொடுக்கத்தான் கை வரவில்லை. நான் தினமும் ஆட்டோ ஸ்டாண்டு வரை போய், என் சாட்சி இருமாமல் கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வருகிறேன். வெயிட்டிங்கோடு சேர்த்து அவருக்குப் பாக்கி நானூற்றைம்பது ரூபாய்.