முகத்துக்கு முன்னால் குடல்

ஜொகூர் பாருவில் ஒரு மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கு நான் போனது வலது கைக்காக. எழுதும்போது எழுத்து சிறுத்துக்கொண்டே போனது. சட்டைப் பொத்தான் போடுவதற்குள் அலுத்துவிடும். கையை மடக்கியும் விரித்தும் பார்த்த டாக்டர் நளாயினி வேறு எதையோ கேட்டார்.

"ஆன்ட்டி, கை இருக்கட்டும். வயிறு எப்படி? டாய்லெட் ஒழுங்கா போறீங்களா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. மலச்சிக்கல் பல வருடங்களாகவே உண்டு. மெர்சிங் படகுத்துறையில் தீவுகளுக்குப் போகும் படகுகளுக்கு டிக்கெட் விற்பவள் நான். நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் வருவது என்று நினைத்து, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வேன். யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணம் செய்துகொள்ளாதவள், வாடகை வீட்டில் தனியாக இருப்பவள், இதை யாரிடம் சொல்வது?

"வாசனை நல்லா தெரியுதா?"

கூட வேலை செய்யும் ஃபரிடா மதியச் சாப்பாட்டுக்கு நெடியடிக்கும் இறால் விழுதுத் துவையலான சம்பால் பெலாச்சான் கொண்டுவருவாள். டப்பாவைத் திறந்தாலே நான் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளைச் சீண்டுவேன். அந்தச் சீண்டல் எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை.

பார்க்கின்சன் நோய் (உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் மெல்ல அழியும் நோய்) என்றார் டாக்டர். மருந்து உண்டு, முழுக்கக் குணமாகாது, ஆனால் நல்லபடியாக வாழலாம் என்றார். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"முகத்துத் தசையும் மெதுவாயிடும் ஆன்ட்டி. நீங்க உள்ளுக்குள்ள சிரிப்பீங்க, வெளிய தெரியாது."

நோயின் பெயர் தராத அதிர்ச்சியை இந்தச் சொல் தந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் பயணிகள் என்னைப் பற்றிப் புகார் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். மலாயில் 'முக்கா மாசாம்' என்பார்கள், சிடுமூஞ்சி. மேனேஜர் என்னை முகப்பிலிருந்து எடுத்து, பின்னறையில் கணினி முன்னால் உட்காரவைத்தார். நான் எல்லோரிடமும் சிரித்துத்தான் பேசுகிறேன் என்று அவரிடம் வாதாடியிருந்தேன். சிரித்ததாகத்தான் எனக்கு நினைப்பு.

மருந்து தொடங்கிய முதல் மாதங்களில் யாருக்கும் சொல்லவில்லை. பெக்கோக்கில் என் ஒரே தங்கை சுமதி இருக்கிறாள். அவள் மகளுக்குக் கல்யாணம் முடிந்ததிலிருந்து போன் குறைந்து, பிறகு நின்றே போயிருந்தது. புதுச் சம்பந்தி வீட்டு வேலைகளில் மறந்துவிட்டாள் என்று எண்ணி நானும் விட்டுவிட்டேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் விளக்கைப் போட்டு, டிவியைப் போட்டு, டாக்டர் முதலில் வயிற்றைப் பற்றி ஏன் கேட்டார் என்று தேடி, போனில் குடலைப் பற்றிப் படிப்பேன்.

இதே நோயோடு இதைப் படிப்பவர்கள் அந்தப் பக்கங்களையெல்லாம் பார்த்திருப்பீர்கள். குடலைச் சரிசெய்தால் மூளை சரியாகும் என்று தூள் விற்கிறார்கள், பானம் விற்கிறார்கள். நானும் வாங்கினேன். அடுத்த முறை போனபோது டாக்டரிடம் நேராகக் கேட்டேன்.

"இது வயித்துலதான் ஆரம்பிச்சுச்சா டாக்டர்?"

"சிலருக்கு அப்படி இருக்கலாம்னு நினைக்கிறாங்க. எல்லாருக்கும் இல்ல."

வேகஸ் நரம்பு (குடலையும் மூளையையும் இணைக்கும் நீண்ட நரம்பு) எங்கே ஓடுகிறது என்று ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். தவறாக மடிந்த ஒரு வகைப் புரதம் குடலில் தோன்றி, இந்த வழியாக மூளைக்கு ஏறக்கூடும் என்பது ஒரு கருத்து. ஆய்வாளர்களின் கவனம் இப்போது குடல் நுண்ணுயிரிகள் மீதும் திரும்பியிருக்கிறது. இந்த நோயாளிகளின் குடலில் சில நல்ல பாக்டீரியாக்கள் குறைவாக இருக்கின்றன. அது நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா, அல்லது மலச்சிக்கலும் மருந்தும் செய்த மாற்றமா என்பது உறுதியாகவில்லை. ஆரோக்கியமானவரின் குடல் நுண்ணுயிரிகளை நோயாளிக்கு மாற்றிப் பார்த்த முயற்சிகளிலும் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. நாம் விழுங்கும் லெவோடோபாவையே (மூளையில் டோபமைனாக மாறும் மருந்து) சில பாக்டீரியாக்கள் வழியிலேயே சிதைத்துவிடுகின்றன என்றும் சொன்னார்.

"அதனால தூளெல்லாம் வாங்காதீங்க. தண்ணி, காய்கறி, நடை. மலச்சிக்கல் குறைஞ்சா மாத்திரையும் ஒழுங்கா வேலை செய்யும். அது மட்டும் நிச்சயமா சொல்லலாம்."

கிளம்பும் முன் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். நோயாளிகளின் மல மாதிரியை வாங்கி அதிலுள்ள நுண்ணுயிரிகளைப் படிக்கிறார்கள். எனக்குச் சம்மதம். பக்கத்து அறையில் ஓர் இளம் பெண் விவரம் கேட்டாள். கடைசியில், "ஆன்ட்டி, உங்க வீட்டுல உங்களோட ஒரே சமையல் சாப்பிடுறவங்க யாரு?" என்றாள். ஒரே உணவு, ஒரே தண்ணீர், ஆனால் நோயில்லாத ஒருவர். ஒப்பிட அவருடைய மாதிரியும் வேண்டும். பெரும்பாலும் கணவனோ மனைவியோ கொடுப்பார்கள்.

"யாரும் இல்லம்மா."

"பரவால்ல ஆன்ட்டி. வேற ஒருத்தரோட ஒப்பிட்டுக்குவோம்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் எழுந்து வெளியே வந்தேன். தனியாக இருப்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் என் சோற்றைப் பங்குபோட்டு உண்ணும் ஒரு வயிறுகூட இல்லை என்பது, மருத்துவமே சுட்டிக்காட்டும் ஒரு குறையாக அதுவரை எனக்குத் தெரிந்ததில்லை. மெர்சிங் பேருந்து கோத்தா திங்கியைத் தாண்டியபோது சுமதிக்குப் போன் செய்தேன்.

எடுத்தாள். நானே எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் அவள் கேட்டாள்.

"அக்கா, அப்போ கல்யாணத்துல?"

"கல்யாணத்துல என்ன?"

"ஒரு போட்டோவுலகூட நீ சிரிக்கல. மாப்பிள்ளைய உனக்குப் புடிக்கலன்னு நெனச்சோம். புள்ள அழுதுச்சு. அவங்க வீட்டுல எல்லாரும் கேட்டாங்க லா, உங்க அக்கா ஏன் அப்படி உர்ருன்னு இருக்காங்கன்னு."

அன்று நான் எவ்வளவு மகிழ்ந்தேன் என்பதைச் சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அழுவதும் வெளியே தெரியவில்லை.

அந்த வாரமே சுமதி வந்தாள். பை நிறைய கீரை, பப்பாளி, கூடவே யாரோ கொடுத்தனுப்பிய கசாயப் பொடி. "மருந்த நிறுத்திட்டு இத குடி. குடல் சுத்தமாயிட்டா எல்லாம் போயிடும்னு சொல்றாங்க."

"மருந்த நிறுத்த மாட்டேன் சுமதி. நிறுத்தினா கட்டில விட்டு எந்திரிக்க முடியாது."

அவள் முகம் சுருங்கியது. பொடியைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். பிறகு ஆய்வுக்கு ஆள் இல்லை என்று நான் சொன்னதை நினைத்துக்கொண்டு, "மலந்தானே கேக்குறாங்க? நான் குடுக்குறேன்" என்றாள்.

"கூடவே இருந்து பல வருஷம் சாப்பிட்டிருக்கணுமாம்."

"அலமாக், சின்ன புள்ளையில ஒரே தட்டுல தின்னோமே, அது கணக்குல வராதா?"

எனக்குச் சிரிப்பு பொங்கியது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் இப்போ சிரிக்கிறேன் சுமதி" என்று சொன்னேன். சொல்ல வேண்டியிருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கிருந்தபடியே மகளுக்குப் போன் செய்து, பெரியம்மா கோபத்தில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள். அந்தப் பிள்ளையும் நானும் அதிகம் பேசவில்லை. "சாப்பிட்டீங்களா பெரியம்மா?" என்று கேட்டாள், அவ்வளவுதான்.

சுமதி சில நாள் இருந்துவிட்டு ஊருக்குப் போனாள். அவளுக்கும் குடும்பம் இருக்கிறது. மருந்தாலும் நடையாலும் வயிறு ஓரளவு வழிக்கு வந்தது, எழுத்து கொஞ்சம் பெரிதானது. பேச்சுப் பயிற்சியாளர் சொன்னபடி கண்ணாடி முன்னால் உதடுகளை இழுத்துப் பழகுகிறேன். முகப்பு வேலையைத் திரும்பக் கேட்கவில்லை. ஆய்வில் என்ன தெரிந்தது என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. தெரிய வருடங்கள் ஆகலாம்.

காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்கிறேன். உடனே முட்டையோ மீனோ கூடாது. அவை மருந்தை உள்ளே விடாமல் மறிக்கும். காத்திருக்க வேண்டும். என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாத குடலின் இருட்டில், கண்ணுக்குத் தெரியாத கூட்டம் ஒன்று தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை மேலே அனுப்புகிறது. படகு எப்போது கிளம்பும் என்று கோபமாகக் கேட்கும் பயணிகளிடம், கடலில் தண்ணீர் ஏறட்டும், ஏறினால்தான் போகலாம் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இப்போது அவசரப்படாமல் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் கட்டைவிரல் இளகும். பிறகு மணிக்கட்டு. அதன் பிறகுதான் எனக்கு விடிகிறது.